இன்று வராத பிள்ளைகள்



கடலூர் செம்மண்டலத்தில் குண்டு சாலை என்று ஒரு சாலை உண்டு. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டதும், "குண்டும் குழியுமா இருக்குமோ?" என்று சிரிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார்த்தால் அதுவும் பொய்யில்லை. ஆனால் பெயரின் கதை வேறு. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களையும் சேர்த்துத்தான் பேரம் பேசியது. அப்படிக் கம்பெனி கைக்கு வந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். அந்தக் குண்டு இன்றும் சாலையின் பெயரில் கிடக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். நம் இதழின் சிறுவர் பக்கத்துக்குப் பிள்ளைகள் வரைந்த படங்களை வாங்கி வரும் வேலை. மூன்றாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் இருந்த பையன் வாயை மூடாமல் ஓங்கி ஓர் இருமல் இருமினான். நாலைந்து தலைகள் திரும்பின. வரும் வழியில் பார்த்த சாலைப் பெயர் மனதில் இருந்ததோ என்னவோ, இந்த இருமல் எதுவரை போய் விழும், யார் யார் வீட்டு எல்லைக்குள் விழும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

டீச்சர் வருகை எடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் 34 பேர். ஏழு பேர் வரவில்லை. கைப்பேசியில் வருகையைப் பதிந்து முடித்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து, அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். அந்த ஏழு பெயர்களையும் அதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல் எழுதினார். காய்ச்சல். காய்ச்சல். திருவிழா. சின்னம்மை. காய்ச்சல். வயிற்றுப்போக்கு. தெரியாது.

"இது என்ன டீச்சர், தனி ரிஜிஸ்டரா?" என்று கேட்டேன்.

"ஆப்ல வந்தாச்சா, வரலையான்னுதான் கேக்குது சார். ஏன் வரலன்னு கேக்கல. அதுக்காக நானே வெச்சிருக்கேன். பாருங்க, இந்த மூணு காய்ச்சலும் ஒரே தெரு. முந்தாநாள் ஒண்ணு, நேத்து ரெண்டு, இன்னைக்கு மூணு. நேத்தே நர்ஸம்மாவுக்கு போன் போட்டுட்டேன்."

நர்ஸம்மா வந்து பார்த்தாராம். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லில் மழைத்தண்ணீர் தேங்கி, உள்ளே கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. அங்கே முடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் வந்து பின்பக்கம் சுற்றியிருக்கிறார். உடைந்த பெஞ்சுகளை மூடிப் போட்டிருந்த தார்ப்பாய் மடிப்பிலும் அதே புழு. "எங்க இடத்துலயும் இருந்துச்சு சார், அதையும் மறைக்காம எழுதுங்க" என்றார் டீச்சர். எழுதிவிட்டேன்.

அந்த நாற்பது பக்க நோட்டைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

ஓர் ஊருக்குள் தொற்றுநோய் நுழைந்தால் அது முதலில் கண்ணில் படுகிற இடம் வகுப்பறை. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொருவராக, வேறு வேறு நாளில், வேறு வேறு டாக்டரிடம் போகிறார்கள். ஒருவர் மஞ்சக்குப்பத்தில் காட்டுவார், ஒருவர் முதுநகரில் காட்டுவார், இன்னொருவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். எல்லாருடைய காய்ச்சலும் ஒன்றாகச் சேர்ந்து தெரிவது காலை ஒன்பதரை மணிக்கு, பெயர் கூப்பிடும்போது பதில் வராத அந்த நொடியில்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஆசிரியர். படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

நம் மாவட்டமே இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஐ இங்கே யாரும் மறக்க முடியாது. தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே கிள்ளை வரை அலை புகுந்து வீடுகளை வாரிக்கொண்டு போனது. தப்பித்தவர்கள் ஒரே கூரையின் கீழ் நெருங்கிப் படுத்த நாட்கள் அவை. கூட்டம் சேர்ந்தால் அம்மை சேரும் என்று சுகாதாரத் துறைக்குத் தெரியும். அலை புகுந்த ஊர்களில் 29-ஆம் தேதியே, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். மறுநாளே, 30-ஆம் தேதி, கடலூர் மாவட்டத்தில் பல பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது என்ற தகவல் வந்தது.

சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வந்து ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 101 பேர். அவர்களில் 71 பேர் அலை புகுந்த ஊர்க்காரர்கள். 30 பேர் அலை தொடாத ஊர்க்காரர்கள். மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் அலை புகுந்த ஊர்களில் ஆயிரத்துக்கு 1.3 பேர், அலை தொடாத ஊர்களில் ஆயிரத்துக்கு 1.7 பேர். சுனாமிக்கும் இந்த அம்மைக்கும் தொடர்பில்லை என்று 2006-இல் வெளியான அவர்களது கட்டுரை முடிவு சொன்னது. யோசித்தால் நமக்கே விளங்கும். தட்டம்மைக் கிருமி உடம்பில் புகுந்து, மேலே தடிப்பாகத் தெரியப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். அலை புகுந்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு, அலை வந்த பதினான்கு நாளுக்குள்ளேயே கண்டுவிட்டது. அப்படியானால் அவர்களில் பலரிடம் கடல் பொங்கும் முன்பே கிருமி குடியேறியிருந்தது. மார்கழி மாதம், பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருந்த நாட்களில், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் வரும். தமிழ்நாட்டில் அப்போதே நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டிருந்தார்கள். பிறகு எப்படி வந்தது? அன்றைக்கு ஒரே ஒரு தவணைதான், ஒன்பதாம் மாதத்தில். அந்த வயதில் போடும் ஊசி நூறு பேரில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். 95 பேருக்குப் போட்டால் காப்பு கிடைப்பது ஏறக்குறைய 81 பேருக்கு. மிச்சம் 19 பேர். அடுத்த வருடப் பிறப்பில் இன்னொரு 19, அதற்கடுத்த வருடம் இன்னொரு 19. இவர்கள் எல்லாம் ஆண்டுதோறும் சேர்ந்து சேர்ந்து ஒரே இடத்தில் வந்து உட்காருகிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர் பள்ளிக்கூடம். தட்டம்மையோ தொற்றுவதில் எமன். காப்பு இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கி இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். இருமிவிட்டுப் பிள்ளை வெளியே போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அந்த அறைக் காற்றில் இருக்கும். நான் யோசித்த குண்டு அவ்வளவு தூரம் போகும்.

அலை புகுந்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்து வயதைத் தாண்டியவர்கள். அவசர ஊசியோ ஐந்து வயதோடு நின்றது. வீட்டிலிருந்த தம்பி தங்கைக்கு ஊசி போட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் அண்ணனை விட்டுவிட்டார்கள். இனி இப்படி ஒரு பேரிடர் வந்தால் ஆறு மாதம் முதல் 14 வயது வரை எல்லாருக்கும் போடுங்கள், இரண்டாவது தவணைக்கும் வழி செய்யுங்கள் என்று அந்த ஆய்வு கேட்டுக்கொண்டது. 2010 முதல் நாட்டில் இரண்டாம் தவணை வந்தது. நம் மாவட்டத்தில் நோய் கண்ட 101 பேர் உடம்பால் சொன்ன சாட்சியும் அதைத்தான் கேட்டது.

அடுத்த காட்சி 2017 பிப்ரவரி. தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட அத்தனை பேருக்கும் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போடும் முகாம். இந்த முறை ஊசி பள்ளிக்கூடத்துக்கே வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் வதந்தியும் வந்தது. ஊசி போட்டால் அது ஆகும், இது ஆகும் என்று யாரோ பேசிய குரல்பதிவுகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. பிள்ளைகளை அன்றைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் மறித்துக் கேட்டது டாக்டரை அல்ல, டீச்சரை. "உங்க புள்ளைக்குப் போட்டீங்களா?" என்பதே எல்லாரும் கேட்ட கேள்வி. "போட்டாச்சும்மா, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்ல முடிந்த டீச்சரின் வகுப்பில் கையெழுத்துகள் வந்து சேர்ந்தன. எனக்குத் தெரியாது, மேலிடத்து உத்தரவு என்று நழுவிய இடங்களில் தாள்கள் வெறுமையாகத் திரும்பின. சுகாதாரக் கல்வி என்று நாம் பெரிதாகச் சொல்வது கடைசியில் இந்த ஒரு நிமிட வாசல் பேச்சில் வந்து நிற்கிறது.

அந்த ஊசியில் இருந்த ரூபெல்லாவைப் பற்றி ஆசிரியைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு அது லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போய்விடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயத்தைத் தாக்கும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் டாக்டர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். வகுப்பில் தடிப்போடு காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், கர்ப்பமாக இருக்கும் ஆசிரியையோ, ஆயாம்மாவோ, சமையல் உதவியாளரோ கூச்சப்படாமல் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வரும் நோய் பிள்ளைகளோடு நிற்பதில்லை.

இனி அந்த நோட்டில் நான்காவதாக எழுதியிருந்த சொல்லுக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் "அம்மை போட்டிருக்கு" என்று ஒரே வாக்கியத்தில் எத்தனை நோய்களைச் சொல்கிறோம்! மணல் தூவினாற்போல் வருவது மணல்வாரி, அதுதான் தட்டம்மை. நீர் கோத்த கொப்புளமாக வருவது சின்னம்மை. காதுக்குக் கீழே தாடை வீங்கினால் புட்டாளம்மை. அதற்கே பொன்னுக்கு வீங்கி என்றும் பெயர் வைத்து, வீக்கம் இறங்கட்டும் என்று கழுத்தில் தங்கச் சங்கிலி மாட்டிவிடுவோம். டீச்சரிடம் பிள்ளையின் பாட்டி வந்து சொல்லும்போது "அம்மை" என்று மட்டும்தான் சொல்லும். எந்த அம்மை என்று கேட்டு வாங்குவதில்தான் டீச்சரின் திறமை. இந்த டீச்சர் கேட்டிருக்கிறார். நோட்டில் சின்னம்மை என்றே எழுதியிருந்தது.

வாசலில் வேப்பிலை செருகுவதை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தக் கொத்தைப் பார்த்தாலே அண்டை அயலார் உள்ளே வர மாட்டார்கள், பிள்ளை தெருவில் இறங்காது, தாளிப்பு வாடை இல்லாத எளிய சாப்பாடு, தனிப்பாய். நோயாளியை ஒதுக்கி வைத்துப் பாதுகாக்கும் முறையை நம் பாட்டிகள் சாமி பேரில் சட்டமாக்கி வைத்திருந்தார்கள். சிக்கல் இரண்டு இடத்தில். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். தண்ணீர் ஊற்றுவது மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று ஒற்றைப்படைக் கணக்கில் நடக்கும். கிருமிக்கு அந்தக் கணக்கு தெரியாது. சின்னம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பக்குக் கட்டும் வரை வீட்டில் இருக்க வேண்டும். தட்டம்மை என்றால் தடிப்பு தெரிந்த நாளிலிருந்து நான்கு நாள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். ஆசிரியர் அறையில் ஒரு வெள்ளைத்தாளில் இந்த மூன்று வரியையும் எழுதி ஒட்டிவைத்தால் போதும். இரண்டாவது சிக்கல், ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று டாக்டரிடம் போகாமலே இருப்பது. தட்டம்மை நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடியது. அதற்கு விட்டமின் ஏ கொடுக்க வேண்டும். வேப்பிலையும் இருக்கட்டும், டாக்டரும் பார்க்கட்டும்.

கொசுவுக்கு வருவோம். கடலூர், சிதம்பரம் என்றாலே ஒரு காலத்தில் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு நடக்கும் யானைக்கால் பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்த நடை ஞாபகம் இருக்கும். சாக்கடையில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு பரப்பிய நோய். ஊரில் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை டிஇசி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்ற முன்னோடித் திட்டம் 1996-இல் நம் கடலூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பிறகு அது நாடு முழுவதற்கும் போனது. ஐந்து வயது வரை ஒரு மாத்திரை, பதினான்கு வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று என்று கையில் வைத்துக்கொண்டு, எதிரிலேயே விழுங்கச் சொல்லி நின்ற பணியாளர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இத்தனை வருட வேலை பலித்ததா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத்தான். மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு பிறந்த அந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் கிருமி இல்லையென்றால் ஊரில் பரவல் நின்றுவிட்டது என்று பொருள். ஒரு மாவட்டத்தின் வெற்றிக்குச் சான்றிதழ் கொடுப்பது ஒன்றாம் வகுப்பு.

டெங்குக் கொசுவின் சுபாவம் வேறு. அது நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். பகலில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்து உலர விடச் சொல்கிறார்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. தொட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். சின்டெக்ஸ் தொட்டியின் மூடி, பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடி, தேங்காய்ச் சிரட்டை, விளையாட்டுக்குப் போட்ட டயர், தார்ப்பாய் மடிப்பு. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு புழுவைப் பிடித்து, அது தலைகீழாகத் தொங்கி மூச்சு விடுவதைக் காட்டிவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் ஆட்டுக்கல்லை எட்டிப் பார்க்கும். எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலை அது.

நாய்க்கடியையும் இதில் சேர்க்க வேண்டும். கடித்ததைச் சொன்னால் திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை; வராமல் தடுப்பதோ மிக எளிது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே முதல் ஊசி; பிறகு மூன்று, ஏழு, இருபத்தெட்டாம் நாட்களில். 1885-இல் லூயி பாஸ்டர் முதன்முதலில் இந்த ஊசியைப் போட்டது ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு. 1907 முதல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் நாய் கடித்த பிள்ளை பயந்துபோய் வாய் திறக்காமல் இருந்தால், அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் நாம்தான்.

பள்ளிக்கூடம் என்றால் ஆசிரியர்கள் மட்டுமா? காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி, மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. மதியச் சத்துணவும் சேர்த்தால் ஒரு பிள்ளை நாளைக்கு இரண்டு வேளை பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறது. சமைக்கும் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கோ டைபாய்டோ என்றால் குணமாகும் வரை அடுப்பங்கரைக்குள் வரக் கூடாது. ஆனால் சம்பளம் போய்விடும், வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர் சொல்லாமலே வருவார். சொன்னால் நஷ்டம் வராது என்ற உறுதியைத் தலைமையாசிரியர் முதலில் கொடுக்க வேண்டும். இருபது பிள்ளைகளைக் கண்ணாடி ஏற்றிய வேனில் அடைத்து வரும் டிரைவருக்கும், வாந்தியைத் துடைக்கும் தூய்மைப் பணியாளருக்கும் பயிற்சியில் ஒரு நாற்காலி வேண்டும். கையுறையும் பிளீச்சிங் பவுடரும் வேண்டும். நான் போன பள்ளிக்கூடத்தில் கை கழுவும் குழாயில், வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் சோப்பைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சோப்பு காணாமல் போவதும் இல்லை, தண்ணீரில் கரைந்து வீணாவதும் இல்லை. யோசனை யாருடையது என்று கேட்டேன். சத்துணவு ஆயாம்மாவுடையதாம்.

மழை தொடங்கிவிட்டது. 2015 வெள்ளமும், 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை கரைபுரண்டதும் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று உண்டு. வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம் முகாம் ஆகும். முகாம் கலைந்த மறுநாள் அது மறுபடியும் பள்ளிக்கூடம் ஆகும். இடைப்பட்ட அந்த ஒரு நாளில் தண்ணீர்த் தொட்டியை இறைத்துக் கழுவிக் குளோரின் போட்டார்களா, கழிவறையைச் சுத்தம் செய்தார்களா என்று பார்த்த பிறகுதான் மணி அடிக்க வேண்டும். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் தண்ணீரோடு வருபவை. சேற்றில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல். முகாமில் வந்து தங்கிய பிள்ளைகளின் ஊசிக் கணக்கைக் கேட்டு வைப்பதும், 2004-ஐக் கண்ட மாவட்டம் என்ற முறையில், நம் கடமை.

நோயைச் சொல்லும்போது பிள்ளையை நோகடித்துவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். "இவனுக்குத்தான் சொறி, தள்ளி உக்காருங்க" என்று ஒரு டீச்சர் வாய் தவறிச் சொன்னால் அந்தப் பெயர் பத்தாம் வகுப்பு வரை அவனோடு வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை இருந்தால், பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். காசநோயும் தொழுநோயும் இன்று மருந்தால் குணமாகும் நோய்கள். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டதைக் கண்டுபிடித்த காலத்தில் நாடே பயந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் அது ஒட்டாது என்று தெரிந்த பிறகும் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த கதைகள் உண்டு. அப்படி மறுப்பதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. செல்லோடேப் ஒட்டிய அந்த நோட்டை டீச்சர் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியதை நான் கவனித்தேன். எனக்குத் தூரத்திலிருந்து காட்டினாரே தவிர, பெயர்களைப் படிக்க விடவில்லை.

"ஆசிரியர் தலையில் இன்னொரு மூட்டையா?" என்று உங்களில் பலர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். வாக்காளர் பட்டியலிலிருந்து இலவச நோட்டுப் புத்தகம் வரை அவர்களிடம்தான் போகிறது. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளி நலத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியை என இருவருக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்துக்கு ஒரு பீரியட் உடல்நலம் பேசச் சொல்கிறது. திட்டம் நல்ல திட்டம். இருவரை அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது என்று மற்றவர்கள் இருந்துவிட்டால் அது தாளோடு நிற்கும். ஆசிரியர் டாக்டராக வேண்டாம். ஏன் வரவில்லை என்று கேட்டால் போதும். ஒரே மாதிரி மூன்று பேர் என்றால் சுகாதார நிலையத்துக்கோ 104-க்கோ ஒரு போன் போட்டால் போதும். சுகாதாரத் துறை செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: அப்படிப் போன் செய்தவருக்கு, போய்ப் பார்த்தோம், இன்னதுதான் என்று திருப்பிச் சொல்லுங்கள். பதில் வராத போனை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை. கைப்பேசிச் செயலியை உருவாக்குபவர்கள் "வரவில்லை" என்பதற்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் சேர்த்துக் கொடுத்தால் இந்த நாற்பது பக்க நோட்டுக்கும் வேலை இருக்காது.

பெற்றோராக இருக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள். பிள்ளைக்கு என்ன உடம்பு என்று டீச்சரிடம் உள்ளபடி சொல்லுங்கள். தேர்வு இருக்கிறது, நூறு நாள் வருகைக்குப் பரிசு இருக்கிறது என்று காய்ச்சலோடு அனுப்பாதீர்கள். ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்கள் உங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி என்ன செய்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம்.

இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த டீச்சருக்குப் போன் செய்தேன். காய்ச்சல்காரர்கள் மூன்று பேரும் வந்துவிட்டார்களாம். திருவிழாவுக்குப் போனதும், வயிற்றுப்போக்கும் வந்தாயிற்று. சின்னம்மைப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு கொப்புளம் காய வேண்டுமாம். வீட்டுப்பாடம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. "தெரியாது" என்று எழுதியிருந்த பெண்ணின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே நேரில் போயிருக்கிறார். அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்க, அந்தப் பிள்ளை வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். மறுநாளே அவள் அத்தை ஊரிலிருந்து வந்துவிட்டார். பிள்ளை வகுப்புக்கு வந்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்